ஆடியில் கட்டிய கம்ப்யூட்டர்: பயாஸ் அப்டேட் செய்யலாமா, வேண்டாமா?

மதர்போர்டு விமர்சனம் என்று தேடினால் எல்லோரும் ஹீட்சிங்க்கையும் கலர் விளக்கையும்தான் காட்டுகிறார்கள். நான் எழுதப்போவது போர்டின் பின்பக்கம், யுஎஸ்பி துளைகளுக்கு ஓரமாக, விரல் வைத்தால்கூடச் சரியாகப் படாத அளவுக்குச் சின்னதாக இருக்கும் ஒரு பொத்தானைப் பற்றி. பயாஸ் ஃபிளாஷ்பேக் என்று பெயர். பயாஸ் என்பது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம். 13,000 ரூபாய் போர்டில் எனக்கு நிஜமாகவே கைகொடுத்தது அதுதான்.

விழுப்புரத்தில் அத்தை பையன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். பழைய சிஸ்டம் நாலு கோர். 4கே ஃபுட்டேஜைப் போட்டால் தாலி கட்டும் இடத்தில் சரியாக உறைந்து நிற்கும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கையில் வேலை இருக்காது, மாற்றுவதென்றால் அப்போதுதான் மாற்ற முடியும் மச்சான் என்று சித்திரையிலேயே சொல்லி வைத்துவிட்டான். 2025 ஆடி முதல் வாரத்தில் இரண்டு பேரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். ரைசன் 5 9600எக்ஸ் சிபியு, பி650 சிப்செட் போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 6000 ராம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்டும் கேபினட்டும் பழையதே போதும் என்று முடிவு.

போர்டு எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. இதில் வந்த தொந்தரவு ஒரு கம்பெனிக்கோ ஒரு கடைக்கோ மட்டும் சொந்தமானது இல்லை, நாளைக்கு உங்களுக்கு வேறு பெட்டியில் வரும்.

கடையில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, இந்த போர்டு 9600எக்ஸ் எடுக்குமா?" அவர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஏஎம்5 சாக்கெட்தானே சார், எல்லாம் எடுக்கும்" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. சாக்கெட் அதேதான், பின் அதேதான், சிபியு அழகாக உட்காரும். ஆனால் ஏஎம்5 வந்தது 2022 செப்டம்பரில், ரைசன் 7000 வரிசையோடு. பி650 போர்டுகள் அதற்கு அடுத்த மாதமே கடைக்கு வந்துவிட்டன. 9600எக்ஸ் வந்ததோ 2024 ஆகஸ்டில். 2023ல் தயாராகி ஏதோ ஒரு குடோனில் தூங்கிய போர்டுக்கு இப்படி ஒரு சிபியு பிற்பாடு பிறக்கும் என்று எப்படித் தெரியும்? போர்டுக்குள் இருக்கும் சின்ன ஃபிளாஷ் சிப்பில்தான் பயாஸ் இருக்கிறது. சிபியுவை எழுப்பி, ராமைப் பழக்கி, அப்புறம் விண்டோஸிடம் ஒப்படைப்பது அதன் வேலை. அதில் இருக்கும் புரோகிராமுக்கு அந்த சிபியுவைத் தெரியாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. புதுச் சரக்காக இருந்தால் பெட்டி மேலேயே ரைசன் 9000க்குத் தயார் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எங்கள் பெட்டியில் அது இல்லை. பார்த்திருக்க வேண்டியது நான்தான், பார்க்கவில்லை. டீ குடிக்கிற அவசரம்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் பாய் விரித்து அசெம்பிள் செய்தோம். பவர் பட்டனை அழுத்தியதும் எல்லா ஃபேனும் சுற்றியது, மானிட்டரில் சிக்னல் இல்லை. மச்சான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஏஎம்5ல் முதல் தடவை ஆன் செய்யும்போது ராம் டிரெய்னிங், அதாவது போர்டு அந்த ராமோடு பழகிக்கொள்வது, நடக்கும், சில நிமிடம் திரை கருப்பாகத்தான் இருக்கும், அவசரப்பட்டு ஆஃப் செய்துவிடாதே என்று அவனை உட்கார வைத்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணி நேரம் ஆயிற்று. போர்டின் ஓரத்தில் சிபியு என்று எழுதிய இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு, அசையாமல். ராம் டிரெய்னிங் நடந்திருந்தால் ராமுக்கான டிராம் என்ற விளக்குதான் எரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டியைத் திருப்பித் தேதி பார்த்தேன்.

கடைக்கு போன். "அது பயாஸ் சார், எடுத்துட்டு வாங்க, 500 ரூபாய், நாளைக்குச் சாயங்காலம் வாங்கிக்கலாம்." நீங்கதானே எடுக்கும்னு சொன்னீங்க என்றால், "எடுக்கும் சார், பயாஸ் போட்டா எடுக்கும்." சரி, போர்டை மாற்றித் தருவீர்களா என்றால் பெட்டி பிரித்தாயிற்றாம். விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு ஒரு போர்டைத் தூக்கிக்கொண்டு போய் வருகிற செலவும், இரண்டு நாள் அலைச்சலும், மேலே 500 ரூபாயும். இந்தக் கடைச் சேவைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் போனை எடுத்ததற்காக.

இங்கேதான் அந்தப் பொத்தான் வருகிறது. ஃபிளாஷ்பேக்கின் அருமை என்னவென்றால் அதற்கு சிபியு வேண்டாம், ராம் வேண்டாம், மானிட்டர் வேண்டாம். 24 பின் கேபிளும் சிபியு பவர் கேபிளும் செருகியிருந்தால் போதும். போர்டில் இதற்கென்றே இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சிப், பென்டிரைவில் இருக்கும் ஃபைலை எடுத்துத் தானாகவே பயாஸ் சிப்பில் எழுதிவிடும். அதாவது செத்த மாதிரி கிடக்கிற போர்டையும் எழுப்பலாம்.

மச்சான் லேப்டாப்பில் கம்பெனி தளத்திலிருந்து ஃபைலை இறக்கினேன். பழைய 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எஃப்ஏடி32ல் ஃபார்மட் செய்து, ஃபைலை அதில் போட்டு, கம்பெனி சொன்ன பெயருக்கு மாற்றினேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பெயர் என்பதால் கையேட்டில் உள்ளபடி அப்படியே வைக்க வேண்டும். பின்பக்கம் கட்டம் போட்டு பயாஸ் என்று எழுதிய யுஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும், வேறு துளையில் செருகினால் வேலைக்கு ஆகாது. ஊக்கு ஒன்றை வைத்துப் பொத்தானை மூன்று விநாடி அழுத்தினேன். விளக்கு நாலைந்து தடவை சிமிட்டியது, அப்புறம் சிமிட்டாமல் அப்படியே எரிந்துகொண்டு நின்றுவிட்டது. கையேட்டில் பார்த்தால் அது தோல்விக்கான அடையாளம்.

மறுபடி செய்தேன், அதேதான். பென்டிரைவை மாற்றிப் பார்த்தேன், அதேதான். அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு மச்சானின் மகள், எட்டாவது படிக்கிறாள், எட்டிப் பார்த்துவிட்டு "ஏன் மாமா, அந்த ஃபைல் பெயருக்குப் பின்னாடி டாட் ரோம்னு ரெண்டு தடவை இருக்கு?" என்றாள். விண்டோஸுக்கு ஃபைலின் வால் பெயரை, அதாவது புள்ளிக்குப் பின்னால் வருவதை, மறைத்து வைக்கும் பழக்கம் உள்ளது. நான் வாலோடு சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறேன், அது ஏற்கெனவே இருந்த வாலையும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர்ப் பட்டியலில் தெரியாது, விவரத்தைத் திறந்தால்தான் தெரியும், அவள் கர்சரை அதன்மேல் வைத்திருக்கிறாள். ஒரு வாலை வெட்டினேன். இந்த முறை விளக்கு மெதுவாகச் சிமிட்ட ஆரம்பித்தது, பிறகு வேகமாக. ஆறு நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. விளக்கு அணைந்தது. பவர் பட்டனை அழுத்தினால் ராம் டிரெய்னிங்குக்கு ஒரு மூன்று நிமிடம் கருப்புத் திரை, அப்புறம் கம்பெனி லோகோ.

பொத்தானுக்கு ஐந்துக்கு ஐந்து. இதே கம்பெனியில் இந்தப் பொத்தான் இல்லாத இன்னொரு பி650 போர்டு 1,200 ரூபாய் குறைவாக இருந்தது, மச்சான் அதைத்தான் முதலில் காட்டினான். அதை வாங்கியிருந்தால் பழைய ரைசன் 7000 சிபியு ஒன்றை யாரிடமாவது கடன் வாங்கிப் போட்டுத்தான் அப்டேட் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் ரிச்சி தெரு. கையேட்டுக்கு மட்டும் ஐந்துக்கு ஒன்று. இவ்வளவு முக்கியமான வசதியைக் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஃபைல் பெயர் விஷயம் அதைவிடச் சின்ன எழுத்தில்.

போர்டின் மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். என்விஎம்இ மாட்ட ஸ்க்ரூ தேவையில்லை, பிளாஸ்டிக் திருகு ஒன்றைத் திருப்பினால் போதும், நல்லது. ஃபேன் மாட்டும் முனைகள் எல்லாம் மேல்பக்கமே, கீழே ஒன்றுதான், முன்பக்க ஃபேன் கேபிள் இழுத்துப் பிடித்து நிற்கிறது. மற்றபடி நாள் முழுக்க ரெண்டர் போட்டும் பவர் பகுதி சூடு ஏறவில்லை. இந்த சிபியுவுக்கு இதற்கு மேல் போர்டு வாங்குவது பகட்டு.

இனிதான் தலைப்பில் போட்ட கேள்வி. முதல் தடவை ஃபைல் இறக்கும்போது பட்டியலில் ஏழெட்டு வெர்ஷன் இருந்தது. மேலே இருந்தது பீட்டா, அதாவது சோதனை வெர்ஷன், அது வேண்டாம், சரி. அதற்குக் கீழே அண்மையில் வந்த நிலையான வெர்ஷன். இன்னும் கீழே, 9000 வரிசை ஆதரவோடு வந்த 2024 ஆகஸ்ட் வெர்ஷன். நான் பெரிய ஜாக்கிரதைக்காரன் மாதிரி அந்த ஆகஸ்ட் வெர்ஷனைப் போட்டேன். தேவையான அளவு மட்டும் தொட்டால் போதும், ஓடுகிற பயாஸைக் கிளறக் கூடாது என்பது பழைய பழக்கம். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் எத்தனையோ கம்ப்யூட்டர்களின் பயாஸை அழித்துவிட்டுப் போனது, அதைக் கண்ணால் பார்த்த ஒரு சீனியரிடம்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன், பயாஸ் திரையைத் திறந்தாலே கையைத் தட்டிவிடுவார். சில கம்பெனிகள் தங்கள் பயாஸ் இறக்கும் பக்கத்திலேயே, பிரச்சினை எதுவும் இல்லையென்றால் அப்டேட் செய்யாதீர்கள் என்றுதான் இன்றைக்கும் போட்டிருக்கின்றன.

அந்த முடிவு தப்பு. ஆவணி பிறந்தது, முகூர்த்தம் ஆரம்பித்தது, மச்சான் போன் செய்தான். "மச்சான், காலையில ஆன் பண்ணா ஒரு நிமிஷம் கருப்பாவே நிக்குது, தினமும்." ராமை அதன் முழு வேகமான 6000ல் ஓட்ட பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பைப் போட்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் அது ராமுக்கு முதலிலிருந்து டிரெய்னிங் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை கற்றதை நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பு பயாஸில் உண்டு, அதைப் போட்டால் இந்த வெர்ஷனில் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஹேங் ஆகிறது. இப்போது அவன் டிஸ்கில் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு மஞ்சள் நீராட்டு, எதுவும் டெலிவரி ஆகவில்லை. ஆடியில் டிஸ்க் காலியாக இருந்தபோது, போர்டு எப்படியும் திறந்து கிடந்தபோது, அண்மைய வெர்ஷனையே போட்டிருந்தால் ஒரு பைசா செலவில்லை. இப்போது செய்தால் நெஞ்சு படபடப்பு.

செய்யலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்தே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி சிபியுக்கள் சில சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போ போட்டதும் சிபியுவின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை போர்டு அளவுக்கு மேல் ஏற்றியது ஒரு காரணம், அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் கட்டிப்போட்டது பயாஸ் அப்டேட்தான். இன்டெல் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். வோல்டேஜ் அதிகமாகக் கேட்டு சிபியு மெல்ல மெல்லக் கெடுகிற அந்தக் கோளாறுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு என்ற சிபியு உள்திருத்தம் வந்தது, அதுவும் பயாஸ் வழியாகத்தான். இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டவும் செய்தது. ஆனால் கெட்டுப்போன சிபியுவை அந்த அப்டேட் குணப்படுத்தாது, கெடுவதற்கு முன்னால் போட்டால்தான் பிரயோஜனம். பாதுகாப்பு ஓட்டைகளும் உண்டு. 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் என்பது, ஆன் செய்ததும் வருகிற லோகோ படத்தின் வழியாகவே உள்ளே நுழையும் வழி. அதற்கு விண்டோஸ் அப்டேட் போட்டு ஒன்றும் ஆகாது.

மறுபக்கமும் உண்டு. ஏஎம்5க்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட் காலத்தில் பல போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான். 2019ல் ரைசன் 3000க்கு இடம் பண்ண சில கம்பெனிகள் பயாஸின் அழகான மெனுவைப் பிடுங்கிவிட்டு மொட்டையான ஒன்றைக் கொடுத்தன, சில வெர்ஷன்களில் பழைய சிபியுக்களுக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். பழைய சிபியு வைத்துக்கொண்டு ஆசைக்கு அப்டேட் செய்தவன் நிலை என்ன? சில வெர்ஷன்களுக்கு ஏறினால் இறங்கவும் முடியாது.

ஆகவே அந்த வெர்ஷனுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விஷயம். பெரும்பாலும் சிஸ்டம் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். என்ன நிலைத்தன்மை, யாருடைய சிஸ்டம்? இது எழுதாததற்குச் சமம். ஆனால் ஆகஸ்ட் வெர்ஷனுக்கும் அண்மைய வெர்ஷனுக்கும் நடுவில் இருந்தவற்றில் இரண்டு வரி கண்ணில் பட்டது. ஒன்று, அதிக வேக ராமோடு ஒத்துப்போவதில் திருத்தம். இன்னொன்று, ஏஜிசா 1.2.0.2. ஏஜிசா என்பது ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி, போர்டு கம்பெனிகளுக்குக் கொடுக்கும் அடிப்படைப் புரோகிராம், பயாஸின் கரு அது. 2024 செப்டம்பரில் வந்த அந்த வெர்ஷனில்தான் 9600எக்ஸ், 9700எக்ஸ் இரண்டையும் 65 வாட்டுக்குப் பதிலாக 105 வாட்டில் ஓட்டும் வசதியை ஏஎம்டியே கொடுத்தது. நாள் முழுக்க ரெண்டர் போடுகிறவனுக்கு அது வெறும் எண் இல்லை. என் தொந்தரவின் பெயரைச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது, எனக்கு உதவும் ஒரு வரியும் இருக்கிறது. சரி, செய்வோம்.

செய்தது ஒரு புதன்கிழமை ராத்திரி. பகலில் வேண்டாம் என்றதற்குக் காரணம் மறுநாள் காலை 9 முதல் 2 வரை ஈபியில் பராமரிப்பு மின்தடை அறிவித்திருந்தார்கள், அதற்கு முந்தைய பகலிலேயே மின்சாரம் விட்டுவிட்டு வரும் என்பது விழுப்புரத்துக்காரனுக்குத் தெரியும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், ஈகோவில் இருந்தால் மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடும். மச்சான் வீட்டில் ஈகோவில்தான் இருந்தது, வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. அதை மாற்றி, ஒரு தடவை மெயினை ஆஃப் செய்து கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போனோம்.

அடுத்தது பலர் கோட்டை விடும் இடம். விண்டோஸ் 11ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால் டிஸ்க் பல சமயம் உங்களைக் கேட்காமலே பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது, ஏஎம்டியில் அந்த டிபிஎம் சிபியுவுக்குள்ளேயே இருப்பது, பயாஸ் மாறினால் அதற்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். அப்புறம் நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கும். மச்சான் கணக்கு எந்த மெயிலில் இருக்கிறது என்று தேடினால் பழைய ஸ்டூடியோ பார்ட்னரின் மெயில்! அவனுக்கு போன் போட்டு, நலம் விசாரித்து, பழைய பாக்கி 3,000 ரூபாயைப் பற்றிக் கொஞ்சம் பேசி, சாவியை வாங்கி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டோம். பிறகு பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தினேன். மூன்று கல்யாணத்தையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தோம், காதுகுத்தையும்தான்.

பயாஸ் திரையில் இருந்த எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்தேன். அப்டேட் ஆனதும் எல்லாம் பழையபடி ஃபேக்டரி அமைப்புக்குப் போய்விடும் என்பதால்தான்: எக்ஸ்போ போய்விடும், ராம் 6000லிருந்து 4800க்கு இறங்கும், ஃபேன் வேகம் போய்விடும். அப்டேட்டுக்குப் பின் சிஸ்டம் மெதுவாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் எக்ஸ்போவைத் திரும்பப் போட மறந்தவர்கள் என்பது என் சந்தேகம். விண்டோஸுக்குள் கம்பெனி வைத்திருக்கும் ஆப் வழியாக அப்டேட் செய்யவில்லை. அது நடுவில் உறைந்தால் நம் கையில் ஒன்றும் இல்லை. பென்டிரைவில் போட்டு பயாஸ் திரைக்குள் போய்த்தான் செய்தேன். நாலு நிமிடம், இரண்டு ரீஸ்டார்ட். மச்சான் மகள் இந்த முறை ஃபைல் பெயரை முன்கூட்டியே சரிபார்த்துக் கொடுத்தாள்.

பலன்: எக்ஸ்போவும் போட்டு, ராம் டிரெய்னிங்கை நினைவில் வைக்கும் அமைப்பையும் போட்ட பிறகு, ஆன் செய்து விண்டோஸ் வர 20 விநாடிக்குள். மூன்று வாரமாக ஒரு ஹேங்கும் இல்லை. 105 வாட் போட்டதில் ஒரு மணி நேரக் கல்யாண வீடியோ ரெண்டர் சில நிமிடம் முன்னால் முடிகிறது, பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், கூலர் சத்தம் கூடியிருக்கிறது. ராத்திரி எடிட்டிங்கின்போது 65க்கே மாற்றி வைத்துக்கொள்கிறான். போர்டுக்கு மொத்தமாக ஐந்துக்கு நாலு.

இதை எழுதும்போது மச்சானிடமிருந்து மெசேஜ், கம்பெனி ஆப் புது பயாஸ் வந்திருப்பதாகக் கத்துகிறதாம், போடலாமா மச்சான் என்று. கீழே என்ன எழுதியிருக்கு, போட்டோ அனுப்பு என்றேன். அனுப்பினான். சிஸ்டம் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது, ஒரே வரி. ஐப்பசி முகூர்த்தமெல்லாம் முடியட்டும், அந்த ஆப்பை முதலில் தூக்கு என்று பதில் போட்டேன்.